சளியைத் தள்ளும் சின்ன இழைகள்: சிலியா எப்படி அசைகிறது?

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு தடவை டூவீலரில் போய்விட்டு வந்து, வெள்ளைக் கைக்குட்டையில் மூக்கைச் சிந்திப் பாருங்கள். கறுப்பாக வரும். வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் இது புதிதில்லை. தண்டையார்பேட்டையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு மாணவன் கேட்டான்: "மிஸ், மூக்குல நின்னது வெளியே வந்துடுச்சு. உள்ளே போனது என்ன ஆகும்? அப்படியே நுரையீரல்ல தங்கிடுமா?"

அவன் அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவர். பையன் தேர்வுக்காகக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூக்குத் துவாரத்தில் கண்ணுக்குத் தெரிகிற முடி வேறு, சிலியா வேறு. மூக்கு முடி தலைமுடியைப் போன்றதுதான். உயிரற்றது, தானாக அசையாது, பெரிய தூசியை வாசலிலேயே தடுத்து நிறுத்தும், அவ்வளவுதான். சிலியா என்பது ஒரு செல்லின் மேற்பரப்பிலிருந்தே வெளியே நீண்டிருக்கும் இழை. செல் உயிரோடு இருக்கும்வரை அதுவும் உயிரோடு இருக்கும். பாடநூலில் குறு இழைகள் என்று படித்திருப்பீர்கள். மூக்கின் உள்பகுதியில் தொடங்கி, மூச்சுக்குழாய், அதிலிருந்து பிரிந்து பிரிந்து நுரையீரலுக்குள் போகும் கிளைக்குழாய்கள் என்று உள்சுவர் நெடுக இவை இருக்கின்றன. சிலியா உள்ள ஒவ்வொரு செல்லின் தலையிலும் சுமார் 200 இழைகள். ஒன்றின் நீளம் 6 அல்லது 7 மைக்ரோமீட்டர். தடிமன் கால் மைக்ரோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கு.

இந்த இழைகளுக்கு மேலேதான் சளி இருக்கிறது. சளி என்றாலே முகம் சுளிக்கிறோம். ஆனால் சளி இல்லாத மூச்சுக்குழாய் ஒரு நாள்கூடத் தாங்காது. மூச்சுக்குழாயின் உள்சுவரில் இரண்டு அடுக்கு ஈரம் உண்டு. கீழே தண்ணீர் போன்ற மெல்லிய அடுக்கு. அதன் ஆழம் சிலியாவின் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அதனால் இழைகள் இந்த நீரில் மூழ்கியபடி தாராளமாக ஆடமுடிகிறது. அதற்கு மேலே பிசுபிசுப்பான சளி, ஒரு போர்வை மாதிரி. நாம் இழுக்கும் காற்றோடு வருகிற தூசி, புகைக்கரி, பாக்டீரியா எல்லாம் இந்தப் போர்வையில் ஒட்டிக்கொள்ளும். கீழே இருக்கிற இழைகள் ஒரே திசையில் அடித்து அடித்து அந்தப் போர்வையை நகர்த்தும். நுரையீரல் பக்கமிருந்து வருவது மேல்நோக்கி நகரும். மூக்கின் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி பின்நோக்கி நகரும். இரண்டும் வந்து சேரும் இடம் தொண்டை. அங்கிருந்து நம்மை அறியாமல் விழுங்கிவிடுகிறோம். மிச்சத்தை வயிற்று அமிலம் பார்த்துக்கொள்ளும். கைக்குட்டையில் பார்த்த கறுப்பு, வாசலோரத்தில் நின்றது மட்டும்தான். தொண்டை வழியாக ஓசையில்லாமல் போனது தனிக்கணக்கு.

பெரிய மூச்சுக்குழாயில் சளி நகரும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் அரை சென்டிமீட்டர். அந்தக் குழாயின் நீளம் 10, 12 சென்டிமீட்டர் இருக்கும். ஆக, அதன் அடியில் ஒட்டிய ஒரு துகள் தொண்டையை எட்ட இருபது நிமிடம் போல ஆகும். மூக்கில் இந்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாக்கரின் என்ற செயற்கை இனிப்பில் ஒரு சிறு துணுக்கை எடுத்து மூக்கின் உள்ளே வைப்பார்கள். உறிஞ்சக் கூடாது, தும்மக் கூடாது, சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் நாக்கில் இனிப்புத் தெரியும். அந்தத் துணுக்கை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது சிலியா. ஆரோக்கியமானவருக்குப் பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் இனிப்பு வந்துவிடும். அரை மணி நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் மேற்கொண்டு பார்க்கவேண்டும் என்று அர்த்தம்.

சரி, இழை எப்படி அசைகிறது? தசை எதுவும் அதற்குள் கிடையாது. நரம்பும் கிடையாது. கால் மைக்ரோமீட்டர் தடிமனுக்குள் தசையை எங்கே வைப்பது?

பச்சைத் தென்னை ஓலையிலிருந்து உருவிய இரண்டு ஈர்க்குச்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்தது வேண்டாம், ஒடிந்துவிடும். ஒரு சாண் நீளம் போதும். இரண்டையும் ஒட்டினாற்போல் சேர்த்துப் பிடித்து, ஒன்றை மட்டும் மேலே தள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு மேலே போகும், வேறெதுவும் நடக்காது. இப்போது இரண்டின் அடியையும் நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். நடுவில் இரண்டு இடத்தில் ரப்பர் பேண்டைத் தளர்வாகச் சுற்றுங்கள், விலகிப் போகாமல் இருக்க. மறுபடி நுனியைப் பிடித்து ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் நகர்த்தப் பாருங்கள். அடி கட்டிப்போட்டிருப்பதால் வழுக்கிப் போக வழியில்லை. ஈர்க்குச்சிகள் இரண்டும் சேர்ந்து ஒரு பக்கமாக வளைந்துவிடும். தள்ளினது நேராகத்தான், கிடைத்ததோ வளைவு. சிலியாவின் ரகசியம் மொத்தமும் இதில் இருக்கிறது. வகுப்பில் இதைச் செய்து காட்டாமல் படம் வரைய ஆரம்பிக்கவே கூடாது என்பது என் பிடிவாதம்.

சிலியாவில் ஈர்க்குச்சியின் இடத்தில் இருப்பவை நுண்குழல்கள். டியூபுலின் என்ற புரதம் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருவான, உள்ளே வெற்றிடமான மெல்லிய குழல்கள். ஓர் இழையைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரத்தில் வட்டமாக ஒன்பது சோடிகள் தெரியும். நட்டநடுவில் இரண்டு தனிக்குழல்கள். இந்த அமைப்புக்கு 9+2 என்று பெயர். ஒன்பது சோடிகளிலிருந்தும் நடுவை நோக்கி, சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பி போல இணைப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்துச் சோடிகளைப் பிணைப்பது நெக்சின் என்கிற இணைப்பு. நம் ரப்பர் பேண்ட் அதுதான். நூல் கட்டுக்குச் சமமானது இழையின் அடியில், செல்லுக்குள் புதைந்திருக்கும் பேசல் பாடி. அது இழையை செல்லில் ஊன்றி நிறுத்துகிறது.

தள்ளுகிற கை எது? டைனீன். இதுவும் ஒரு புரதம். ஒவ்வொரு சோடியின் நெடுகிலும் இரண்டு வரிசையாக, வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று என்று, டைனீன் கைகள் முளைத்திருக்கும். வெளிவரிசையில் 24 நானோமீட்டருக்கு ஒரு கை. ஒரே ஓர் இழைக்குள் ஆயிரக்கணக்கில் வரும். ஒவ்வொரு கையும் தன் பக்கத்துச் சோடியைப் பிடிக்கும், இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி செலவாகும். ஒன்பது பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒன்றை ஒன்று சரிக்கட்டி, இழை விறைத்து நின்றுவிடும். அதனால் ஒரு பக்கத்துக் கைகள் வேலை செய்யும்போது எதிர்ப்பக்கம் ஓய்வில் இருக்கும். இழை ஒரு பக்கம் வளையும். அப்புறம் முறை மாறும், இழை மறுபக்கம் வளையும். இந்த முறை மாற்றத்தில் நடுச்சோடிக்கும் ஆரக்கம்பிகளுக்கும் பங்கு உண்டு.

டைனீனை 1963இல் இயன் கிப்பன்ஸ் டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் உயிரியின் சிலியாவிலிருந்து பிரித்தெடுத்தார். 1971இல் அவரும் கீத் சம்மர்ஸும் செய்த சோதனை நம் ஈர்க்குச்சி விளையாட்டேதான். எடுத்துக்கொண்டது கடல் முள்ளெலி என்கிற கடல்வாழ் உயிரியின் விந்தணு வால். அதற்குள்ளும் இதே 9+2 அமைப்புத்தான். டிரிப்சின் நொதியால் உள்ளே இருக்கும் கட்டுகளை அரித்துவிட்டு, ஏடிபியை ஊற்றினார்கள். வால் வளையவில்லை. பழைய ரேடியோ ஏரியலை இழுத்ததுபோல் குழல்கள் ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே நீண்டன. கட்டு இருந்தால் வளைவு, கட்டை அவிழ்த்தால் வழுக்கல். அதுவரை அனுமானமாக இருந்தது அன்றைக்குக் கண்முன் நடந்தது.

இனி, இழை எந்த வடிவத்தில் அடிக்கிறது என்பது. துடுப்பு வலிப்பவர் தண்ணீருக்குள் துடுப்பை அழுத்தி இழுத்துவிட்டு, திரும்பக் கொண்டுவரும்போது தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுவார். உள்ளேயே திருப்பினால் படகு பின்னால் போகும். சிலியாவுக்கு இழையைத் தூக்க இடமில்லை, எந்நேரமும் அந்த நீருக்குள்ளேயேதான் இருக்கிறது. அது வேறு வழி வைத்திருக்கிறது. முன்னே அடிக்கும்போது இழை நிமிர்ந்து விறைப்பாக நிற்கும். நுனி மட்டும் மேலே இருக்கும் சளியின் அடிப்பாகத்தைத் தொட்டு முன்னே தள்ளும். திரும்பும்போது இழை வளைந்து, செல்லின் மேற்பரப்பை ஒட்டிப் பக்கவாட்டில் சுருண்டு வரும். சளியைத் தொடவே தொடாது. அதனால் சளி முன்னே போகுமே தவிரப் பின்னே வராது. நொடிக்கு 10 முதல் 15 தடவை இப்படி அடிக்கும். நொடிக்குப் பத்து என்று குறைவாகவே வைத்துப் பெருக்குங்கள், ஒரு நாளைக்கு 8 லட்சத்து 64 ஆயிரம் தடவை. நாம் தூங்கும்போதும் நிற்பதில்லை.

எல்லா இழைகளும் ஒரே நொடியில் அடிக்கின்றனவா என்றால், இல்லை. சேப்பாக்கம் மைதானத்தில் ரசிகர்கள் வேவ் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் எழுந்து ஒரு கணம் கழித்து எழுவார். யாரும் இடம் மாறவில்லை, ஆனால் அலை மைதானத்தைச் சுற்றி ஓடும். சிலியாவும் அப்படித்தான். ஓர் இழை அடிக்கும்போது நகரும் நீர் பக்கத்து இழையைத் தள்ளிவிட, அது இம்மியளவு தள்ளி அடிக்கும். எந்தக் கணத்திலும் சில இழைகளாவது முன்னே அடித்துக்கொண்டிருக்கும் என்பதால் சளி நின்று நின்று நகராமல் ஒரே சீராக ஓடுகிறது.

இந்த ஓட்டத்தைக் கெடுப்பவை பல. முதலாவது புகை. எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா காசிமேட்டில் நாற்பது வருஷம் வலை பின்னியவர். பீடியை விட்ட மூன்றாவது வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, பீடிய வுட்டேன், இருமல் ஜாஸ்தியாயிச்சு. குடிக்கச்சொல்லோ நல்லாத்தான இருந்தேன்?" தொடர்ந்து புகைப்பவர்களுக்கு சிலியா குட்டையாகிவிடும், அடியும் மந்தமாகும், சளி சுரப்பதோ கூடும். தள்ள ஆளில்லாத சளி ராத்திரி முழுக்கத் தேங்கி, காலையில் இருமித்தான் வெளியே வரவேண்டும். பீடிக்காரர்களின் விடியற்காலை இருமல் அதுதான். புகையை விட்டால் இழைகள் மெல்ல மீண்டு வரும், தேங்கியதை மேலே அனுப்ப ஆரம்பிக்கும். அந்த நாட்களில் சிலருக்கு இருமல் கூடுவதுண்டு. "தாத்தா, உள்ள இப்பத்தான் பெருக்க ஆரம்பிச்சிருக்கு, நடுவுல வெளக்குமாத்தைப் பிடுங்காதீங்க" என்று சொன்னேன். கூடவே சளிப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காரணத்தை நாமே ஊகித்துக்கொண்டு உட்காரக் கூடாது, காசநோய் இல்லை என்று பார்த்துவிட வேண்டும். அவருக்கு இல்லை. பீடியையும் மறுபடி தொடவில்லை.

கக்குவான் இருமலை உண்டாக்கும் பாக்டீரியா நேரே சிலியா மீதே வந்து ஒட்டிக்கொள்ளும். அது விடுகிற நச்சு, சிலியா உள்ள செல்களைக் கொன்றுவிடும். குழந்தை மூச்சு முட்ட முட்ட இருமுவதற்கு இதுவும் ஒரு காரணம். கொரோனா வைரஸும் மூச்சுப்பாதையில் இந்தச் செல்களைத்தான் குறிவைத்தது. சல்பர் டை ஆக்சைடு, அமோனியா போன்ற வாயுக்களும் இழைகளின் அடியை மந்தமாக்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடியதை நாம் மறக்கவில்லை. அமோனியா நீரில் சட்டென்று கரையும். மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் அதே ஈர அடுக்கில்தான் முதலில் கரைந்து எரிக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். சிலியா இருக்கிறது, அது எல்லாவற்றையும் பெருக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த இழைகள் கிளைக்குழாய்கள் வரைதான். கடைக்கோடியில் ரத்தத்தோடு காற்று கலக்கும் காற்றுப்பைகளில் சிலியா கிடையாது. பிஎம் 2.5 என்று செய்தியில் சொல்கிறார்களே, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள், அவற்றில் ஒரு பகுதி சளிப்போர்வையில் படாமலே அந்தக் காற்றுப்பை வரை போய்விடும். அங்கே விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்கள் உண்டு, ஆனால் அவற்றின் வேலை மெதுவானது. மாணவனுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: பெரும்பாலான தூசி திரும்பி வந்துவிடும்டா, ரொம்பச் சின்னது கொஞ்சம் தங்கும். அதனால்தான் சாம்பலும் புகையும் எழும் இடத்திலேயே தடுக்கப்படவேண்டும் என்று இங்கே இத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள்.

சிலியா மூச்சுப்பாதையில் மட்டும் இல்லை. பெண்களின் கருக்குழாயில் முட்டையை நகர்த்த உதவுகிறது. மூளையின் உள்ளறைகளில் மூளைத் தண்டுவடத் திரவத்தை அசைக்கிறது. அசையாத வகையும் உண்டு. நடுச்சோடி இல்லாத, செல்லுக்கு ஒன்றே ஒன்றான ஆன்டெனா. சிறுநீரகச் செல்களில் இந்த ஆன்டெனா பழுதானால் நீர்க்கட்டிகள் உருவாகும். கண்ணில் ஒளி உணரும் செல்லின் வெளிப்பகுதியும் சிலியாவின் உருமாற்றம்தான்.

எனக்கு எப்போது படித்தாலும் புல்லரிக்கிற விஷயம் ஒன்று உண்டு. நம் இதயம் இடப்பக்கம் சாய்ந்தும் கல்லீரல் வலப்பக்கமும் இருக்கவேண்டும் என்பதை ஆரம்பித்துவைப்பது சிலியா. கரு உருவான மூன்றாவது வாரம் வாக்கில், அதில் ஒரு சிறு குழி இருக்கும். குழியில் உள்ள இழைகள் முன்னும் பின்னும் அடிக்காமல் பம்பரம் போலச் சுழலும். சற்றே சாய்ந்து சுழல்வதால் திரவம் ஒரே திசையில், இடப்பக்கமாக ஓடும். அந்த ஓட்டத்தை வைத்துத்தான் கரு தன் இடம் எது, வலம் எது என்று தெரிந்துகொள்கிறது. 1998இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இதை எலிக்கருவில் காட்டினார்கள். 2002இல் திரவத்தைச் செயற்கையாக எதிர்த்திசையில் ஓடவிட்டபோது, எலிக்கருவின் இடம் வலமே மாறிப்போனது.

பிறவியிலேயே டைனீன் கைகள் இல்லாமலோ குறையுடனோ பிறப்பவர்கள் இருக்கிறார்கள். சளி நகராது, சைனஸும் நெஞ்சுச் சளியும் விடாது, ஆண்களுக்கு விந்தணு நீந்தாது. இவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். ஓட்டம் இல்லாததால் இடமா வலமா என்பது பூவா தலையா போட்டதுபோல் ஆகிவிடுகிறது. அதனால்தான் பாதி. 1933இல் கார்டகெனர் என்ற மருத்துவர் வலப்பக்க இதயம், சைனஸ், நெஞ்சுச் சளி மூன்றும் சேர்ந்து வருவதை விவரித்தார். இவற்றுக்கு என்ன தொடர்பு என்பது நாற்பது வருஷத்துக்கும் மேல் பிடிபடவில்லை. 1976இல் சுவீடனின் பியோர்ன் அஃப்செலியஸ்தான், இந்த நோயாளிகளின் சிலியாவில் டைனீன் கைகளே இல்லை என்று காட்டினார். இன்றைக்கும் இந்த நோயை அடியோடு குணப்படுத்த வழியில்லை. தினமும் நெஞ்சுப் பயிற்சி செய்து சளியை வெளியே எடுத்தே வாழ்கிறார்கள். சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் நுரையீரல் கெடாமல் பெருமளவு காக்கலாம். பிறந்ததிலிருந்து மூக்கொழுகல் நிற்கவே இல்லை, ஈரச் சளி இருமல் விடவே இல்லை என்கிற குழந்தையை "தூசி ஊரு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள்.

போன சனிக்கிழமை பிள்ளைகளுக்கு சிலியாவை நேரிலேயே காட்டினேன். மனித மூச்சுக்குழாய்க்கு எங்கே போவது? எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் சிப்பி எடுக்கும் அக்கா ஒருவரிடம் சொல்லிவைத்திருந்தேன். பச்சை ஓட்டுச் சிப்பி நாலைந்து, கூடவே ஒரு பாட்டில் கடல்தண்ணீர். சிப்பி தன் செவுளில் இருக்கும் சிலியாவால்தான் தண்ணீரை உள்ளே இழுத்து இரை தேடுகிறது. அதற்குள்ளும் 9+2தான். ஓட்டைத் திறந்து, செவுளில் அரிசி அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் கடல்தண்ணீரில் வைத்து, பள்ளிக்கூட நுண்ணோக்கியில் 400 மடங்கு.

செவுளின் ஓரம் மினுமினுத்தது. வெயிலில் தண்ணீர் நெளிவது மாதிரி, ஆனால் ஒரே திசையில் அலை அலையாக. கேள்வி கேட்ட பையன் கண்ணை எடுக்கவே இல்லை. "மிஸ், சிப்பிதான் செத்துடுச்சே, இது எப்படி அடிக்குது?" என்றான். செல் உயிரோடு இருக்கிறது, ஏடிபி இருக்கிறது, அதற்கு மூளையின் உத்தரவு வேண்டியதில்லை என்றேன். ஒரு மாணவி எழுந்து போய், ஜன்னல் விளிம்பில் படிந்திருந்த எங்கள் தெருத் தூசியை ஊசி முனையில் தொட்டுக்கொண்டு வந்து அந்தச் சொட்டில் விட்டாள். கறுப்புத் துகள் ஒன்று செவுளின் மேல் விழுந்து ஒரு கணம் நின்றது. அப்புறம் அலை அதைப் பிடித்துக்கொண்டது. ஓரத்தை நோக்கி மெல்ல நகர்ந்து, நுண்ணோக்கியில் தெரிந்த வட்டத்தின் விளிம்பைத் தாண்டிப் போனது. "இன்னொரு தடவை போடு" என்றான் அவன்.